அம்மாவின் தட்டில் கை வைத்தவன்

என் அம்மாவின் தட்டிலிருந்து சோற்றை எடுத்திருக்கிறேன். பரிமாறி முடித்து, குழம்பு ஊற்றுவதற்கு முன், கரண்டியால் ஓரமாக வெட்டி எடுத்துத் திரும்பக் குக்கரில் போட்டிருக்கிறேன். "இவ்வளவு போதும்மா, சுகர் இருக்குல்ல?" என்று சொல்லியிருக்கிறேன். அவள் மறுபேச்சு பேசாமல் மிச்சத்தைப் பிசைந்து சாப்பிட்டிருக்கிறாள். அதே நாள் இரவு ஹைதராபாத் மாதாப்பூரில் ஆபீஸ் முடிந்து இறங்கி, பார்க்கிங்கில் நின்ற காருக்குள் உட்கார்ந்து ஒரு முழு மட்டன் பிரியாணியை நான் காலி செய்திருக்கிறேன். என்றைக்கோ ஒருநாள் தவறிப்போய் நடந்த விஷயமில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படித்தான் இருந்தேன்.

அப்பா போன பிறகு அம்மாவைக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஹைதராபாத்துக்கு அழைத்து வந்தோம். தார்நாகாவில் வீடு. வந்த சில மாதங்களில் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தெரிந்தது. டாக்டர் நிதானமானவர். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு நான்கு விஷயம் சொன்னார். சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும். குறைத்த இடத்தில் காயும் பருப்பும் வைக்க வேண்டும். மாத்திரை போட்டால் வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். சாயங்காலம் அரை மணி நேரம் நடக்க வேண்டும். என் காதில் முதல் விஷயம் மட்டும் விழுந்தது. காய் வாங்கிவந்து நறுக்கி வதக்குவதற்கும், அம்மாவோடு சாயங்காலம் நடப்பதற்கும் என்னிடம் நேரம் இல்லை. சோற்றைக் குறைக்க நேரமே தேவைப்படவில்லை. அதனால் அதைச் செய்தேன்.

குறைத்த இடத்தில் எதை வைத்தேன் என்றால், பாக்கெட்டுகளை. ஓட்ஸ் பிஸ்கட், மல்டிகிரெய்ன் பிரெட், எண்ணெயில் பொரிக்காத மிக்சர், சர்க்கரை சேர்க்காத குக்கீஸ், காலையில் பாலில் கொட்டிச் சாப்பிடும் ஃபிளேக்ஸ். போனைத் தட்டினால் பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிடும். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து கடையில் எதை எடுத்தாலும் அதில் ஒரு 'மில்லெட்' வகை இருந்தது. அதையும் வாங்கி அடுக்கினேன். அலமாரியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அம்மாவை நன்றாகக் கவனித்துக்கொள்கிறேன் என்ற திருப்தி எனக்கு வரும். காபியில் சர்க்கரையை அடியோடு நிறுத்தினேன். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த கடலைமிட்டாயை அவள் கண்ணில் படுவதற்கு முன் ஆபீஸுக்கு எடுத்துப் போய்விட்டேன். அங்கே அதைப் பங்கு வைத்ததில் எனக்கும் நான்கு துண்டு கிடைத்தது.

என் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹைதராபாத் பிரியாணி எனக்கு உயிர். பச்சைக் கறியை மசாலாவில் ஊறவைத்து, அதன்மேல் பாதி வெந்த அரிசியைப் பரப்பி, விளிம்பை மாவால் அடைத்துத் தம் போடுவார்கள். சரியாக வந்தால் மேல் அடுக்குச் சோறு வெள்ளையாக, வெறும் வாசனையாக இருக்கும். கரண்டியை அடிவரை விட்டு எடுத்தால்தான் கறியும் நிறமும் வரும். கூடவே எள்ளும் வேர்க்கடலையும் அரைத்த மிர்ச்சி கா சாலன், தயிர்ப் பச்சடி. இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பாவம்போலப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ரம்ஜான் மாதத்தில் ஹலீம் செய்கிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கோதுமையும் பருப்பும் ஆட்டுக்கறியும் நெய்யும் விறகடுப்பில் மணிக்கணக்காக வெந்து, ஆள் மாற்றி ஆள் மரத்தடியால் இடித்து இடித்து ஒன்றாகும். பகல் முழுக்க நோன்பிருந்தவர் வயிற்றுக்கென்று உருவான உணவு அது. 2010-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். அதைச் செய்கிறவன் கையில் எந்தத் தப்பும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. வீட்டுக்கு வந்ததும், "ஆபீஸ்லயே சாலட் சாப்பிட்டேன்மா, பசிக்கலை" என்பேன். அம்மா நம்புவாள். "நீயும் எனக்காக வயித்தைக் கட்டுறியேய்யா" என்று ஒருநாள் சொன்னாள். அதைக் கேட்டபிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கை நடுங்கியது, சேலை முதுகில் ஒட்டும் அளவுக்கு வியர்வை, பேச்சு குழறியது. காலையில் மாத்திரை போட்டிருந்தாள். நான் கொடுத்த ஃபிளேக்ஸ் பிடிக்காமல் இரண்டு கரண்டியோடு வைத்துவிட்டிருக்கிறாள். சோறு கேட்டால் நான் ஏதாவது சொல்வேன் என்று மத்தியானம்வரை பொறுத்திருக்கிறாள். மீட்டரில் 54 காட்டியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. "ஏங்க, நகருங்க" என்று என்னைத் தள்ளிவிட்டு என் மனைவிதான் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி, "அத்தை, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க" என்று புகட்டினாள். வீட்டில் சர்க்கரையே இருக்கக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். குழந்தைக்காக அவள் ஒளித்து வைத்திருந்த டப்பாவிலிருந்து வந்த சர்க்கரை அது. கால் மணி நேரத்தில் அம்மாவுக்கு முகம் தெளிந்தது. தெளிந்ததும் அவள் முதலில் சொன்னது, "பிள்ளையைத் திட்டாதே தாயி" என்று, என்னைக் காட்டி.

மறுநாள் டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். வயதானவர்களுக்குச் சர்க்கரை கூடுவதால் வரும் கெடுதல் மெல்ல வரும், சட்டென்று இறங்கினால் அன்றைக்கே ஆளைச் சாய்த்துவிடும், மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டைப் பிடுங்கலாமா என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. நான் தலை நிமிரவில்லை.

அதன்பிறகுதான் அலமாரிக்குக் கணக்குப் பார்த்தேன். அதையும் அம்மாதான் தொடங்கிவைத்தாள். ஓட்ஸ் பிஸ்கட் பாக்கெட்டை என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கான்னு படிச்சுச் சொல்லுய்யா, எனக்கு இங்கிலீசு தெரியாதுல்ல" என்றாள். முன்பக்கம் பச்சை நிறத்தில் கதிர்களும் இதயப் படமும் இருந்தன. திருப்பி, பொடி எழுத்தைப் படித்தேன். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். முதலில் மைதா. அடுத்து சர்க்கரை. அடுத்து பாமாயில். அதற்கும் பிறகுதான் ஓட்ஸ் தலைகாட்டியது. ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். "மைதாவையும் சீனியையும்தானய்யா வேண்டாம்னே?" என்றாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரைக்குத் தடை போட்டவன், சாயங்காலம் அதைவிட அதிகமான சர்க்கரையை பிஸ்கட்டாக என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். மல்டிகிரெய்ன் பிரெட்டிலும் மைதாதான் முன்னால் நின்றது. மில்லெட் குக்கீஸில் கேழ்வரகு இருந்தது உண்மை, ஆனால் சர்க்கரைக்குப் பின்னால்.

இதைவிட என்னைச் சுட்டது குளிர்பதனப் பெட்டியில் இருந்த அட்டை டப்பாக்கள். இந்த ஊர் மே மாத வெயிலில் அம்மா சோர்ந்துபோவாள் என்று, மருந்துக்கடையில் ஓஆர்எஸ் என்று பெரிதாக எழுதி விற்ற பழச்சுவைப் பானத்தை அடுக்கி வைத்திருந்தேன். நீரிழப்புக்குக் கொடுப்பதற்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓஆர்எஸ் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, அவற்றோடு பொட்டாசியமும் சிட்ரேட்டும் இருக்கும். நான் வாங்கியதில் சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு. இந்தப் பெயர் மோசடியை எதிர்த்துப் பல ஆண்டுகள் மனு மேல் மனு போட்டு, நீதிமன்றம் வரை போனவர் இதே ஹைதராபாத்தின் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ். 2025 அக்டோபர் 14 அன்று, அந்த வாய்ப்பாட்டுக்குப் பொருந்தாத எந்தப் பானத்தின் பெயரிலும் ஓஆர்எஸ் என்ற எழுத்துகள் வரக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. செய்தி வந்த அன்று அவர் கண்கலங்கிப் பேசிய காணொளியைப் பார்த்தேன். அவர் ஊரார் பிள்ளைகளுக்காகப் போராடிக்கொண்டிருந்த நாட்களில் நான் என் அம்மாவுக்கு அதை ஸ்ட்ரா போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு விஷயம் தெரிய வழியில்லை என்று சொல்லவும் முடியாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மதில் சுவர் ஓரமாகத்தான் தினமும் ஆபீஸ் போகிறேன். தார்நாகாவில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய வளாகம். அது பிறந்ததோ நம் குன்னூரில். 1918-ல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அரிசியை மில்லில் தீட்டித் தீட்டி வெளுப்பாக்கும்போது பி1 சத்து தவிட்டோடு போய்விடுவதுதான் அந்த நோய்க்குக் காரணம். பின்னாளில் அவர் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். ரொட்டி, பால், பருப்பு, காய் என்று சாப்பிட்ட சீக்கியர் உணவு எலிகள் முதலிடத்தில் வளர்ந்தன. வெள்ளை அரிசியையே நம்பிய மதராஸ் உணவு எலிகள் கடைசியில் நின்றன. அந்த ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத் வந்தது. 1969-ல் இப்போதைய பெயர். அதை வளர்த்த இயக்குநர்களில் ஒருவரான டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர், நூறு வயது வாழ்ந்து 2019-ல் மறைந்தார். இட்லி அரிசி முதல் முருங்கைக்கீரை வரை எதில் என்ன இருக்கிறது என்று நம் உணவை அளந்து எழுதிவைத்த இடம் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்க, நான் பாக்கெட்டின் முன்பக்கத்தைப் படித்து அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தேன்.

2024 மே மாதம் அந்த நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியை இப்போது முழுக்கப் படித்துவிட்டேன். பதினேழு அறிவுரைகள். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள் என்பதும் அதில் ஒன்று. நம் நாட்டு நோய்ச்சுமையில் 56.4 சதவீதத்துக்குச் சரியில்லாத உணவுமுறை காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85, காயும் கீரையும் 400, பழம் 100, எண்ணெய் 27 என்று தட்டைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நானூறு கிராம் காய் என்றால் எவ்வளவு என்று தராசில் வைத்துப் பார்த்தேன். ரைத்து பஜார் என்கிற உழவர் சந்தையில் வாங்கிவந்த பீர்க்கங்காய் ஒன்று, ஒரு கை வெண்டைக்காய், ஒரு கட்டுத் தண்டுக்கீரை, இரண்டு கேரட். மேஜைமேல் குவித்தபோது ஒரு குடும்பத்துக்கு ஆகும்போலத் தெரிந்தது. அது ஓர் ஆளுக்கு, ஒரு நாளைக்கு. அம்மா ஊரில் சாப்பிட்டதை நினைத்துப் பார்த்தேன். கீரைக் கடைசல், அவரைக்காய்ப் பொரியல், பருப்பு, புழுங்கலரிசிச் சோறு. புழுக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கிவிடும். அவள் தட்டில் மிகையாக இருந்தது சோறு மட்டும்தான். அதையும் டாக்டர் சொன்னபடி பாதியாக்கினால் மற்றதெல்லாம் ஏறக்குறைய அந்த வழிகாட்டிக்குப் பக்கத்தில் வந்துவிடும். என் தட்டை அதோடு ஒப்பிட எனக்கே கூசியது. காய் என்று நான் நாள் முழுக்கச் சாப்பிட்டது பிரியாணியோடு வந்த வெங்காய வளையம்.

எங்கள் தெரு முனையில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பெண்மணி கடை போடுவார். ஜொன்ன ரொட்டெ, நம் சோள ரொட்டி. அம்மா வந்த முதல் வாரமே அதைக் கண்டுவிட்டாள். அவள் பிறந்த கரிசல் மண்ணில் சோளச்சோறும் கம்பங்கூழும் தின்று வளர்ந்தவள். "ஏய்யா, சோளமா இது?" என்று சின்னப் பெண்போல நின்று பார்த்தாள். ரோட்டோரக் கடை, சுத்தமாக இருக்காது என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பவத்துக்குப் பின் நானே கூட்டிப் போனேன். அந்த அக்கா சோள மாவில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கரண்டியால் கிளறி, சூடு பொறுக்கும்போது கையால் பிசைந்தார். கோதுமைபோல இழுபடும் பசை சோளத்தில் இல்லை, வெந்நீர் ஊற்றாவிட்டால் விண்டுபோகும். உருண்டையைப் பலகையில் வைத்து, ஒரு கையால் சுற்றிவிட்டு மறு கையால் தட்டத் தட்ட அது விரிந்தது. இரும்புக் கல்லில் போட்டு, மேல்பக்கம் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, திருப்பிப் போட்டார். கடைசியில் நேரே தணலில் காட்டியதும் உப்பி எழுந்தது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. பருப்பும் கத்திரிக்காய்க் கூட்டும் பூண்டுக் காரப்பொடியும் தொட்டுக்கொள்ள. அம்மாவுக்குத் தெலுங்கு வராது, அந்த அக்காவுக்குத் தமிழ் வராது. மாவைத் தொட்டுப் பார்த்து, பலகையைக் காட்டி, இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். சோளமும் மாவுச்சத்துதான், அளவு மீறினால் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அதனால் இரண்டு ரொட்டியோடு அம்மாவே நிறுத்திக்கொள்கிறாள். நான் சொல்லவில்லை. கடைக்குப் போய்வருகிற நடையும் டாக்டர் சொன்ன அரை மணி நேரத்தில் சேர்ந்துவிடுகிறது.

பிரியாணி விஷயத்தை அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. ஒரு ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், கடலைமிட்டாய் உள்பட. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒருநாளாவது எனக்கும் ஒரு கை கொண்டாந்து கொடுக்கணும்னு தோணலையேய்யா" என்றாள். என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அவளுக்கு ஆட்டுக்கறி பிடிக்கும். அப்பா சந்தை நாளில் வாங்கி வந்தால் எலும்பை எங்களுக்குப் போட்டுவிட்டுக் குழம்பில் பிசைந்து சாப்பிடுவாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தே மறந்திருந்தேன். சர்க்கரை வந்ததும் அவளை மீட்டரில் தெரியும் ஓர் எண்ணாகப் பார்த்தேன். ஆசைகள் உள்ள மனுஷியாகப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்வதில் பெரியது இதுதான்.

அந்த வாரம் வீட்டுக்கே பிரியாணி வரவழைத்தோம். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, அம்மாவுக்கு ஒரு கிண்ணம் சோறு, கறி கூடுதலாக, பக்கத்தில் வெள்ளரிக்காயும் தயிரும் கீரைப் பொரியலும். ரசித்துச் சாப்பிட்டாள். "அரிசி என்ன இவ்வளவு நீளம், சீரகச்சம்பா வாசம் வருமா?" என்று நம் ஊர்ப் பக்கத்துக்குத் தீர்ப்பும் சொன்னாள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு நாள் வாதாடினோம்.

பிஸ்கட் அலமாரி காலியாகிவிட்டது. என் ராத்திரிப் பசி மட்டும் முழுக்க அடங்கவில்லை. வேலை நெருக்கடி உள்ள நாட்களில் இன்னும் ஆர்டர் போட்டுவிடுகிறேன்; ஆனால் காருக்குள் சாப்பிடுவதில்லை, வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்துச் சாப்பிடுகிறேன். நானூறு கிராம் காயில் பாதியைத்தான் எட்டியிருக்கிறேன். இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. அம்மாவின் ரத்தத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிற நான், என் ரத்தத்தை இதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. என்ன எண் வருமோ என்ற பயம்தான். இதைத் தெரிந்துகொண்ட அன்றே அம்மா நாள் குறித்துவிட்டாள். வருகிற சனிக்கிழமை காலை, வெறும் வயிற்றோடு, இருவரும் லேபுக்குப் போகிறோம். ரத்தம் கொடுத்த கையோடு எனக்கு நெய்க்காரம் போட்ட இட்லி, அவளுக்குப் பெசரட்டு என்று முடிவாகியிருக்கிறது. எந்தக் கடை என்பதில்தான் இன்னும் பேச்சு நடக்கிறது.